"நானும் கனடாவுக்குப் போறனோ?"

கேள்வி

எனக்கு 49 வயது. யாழ்ப்பாணத்தில் வலிகாமப் பக்கம் இருக்கிறேன். தம்பிக்கு 41. பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் அவருக்கு அறிவு வளர்ச்சி குறைவு. சின்னச் சின்ன வசனமாகக் கதைப்பார். நாலு ஆடு வளர்க்கிறார், அதுகள்தான் அவருடைய உலகம். போன வருடம் முழுக்க வயிற்றைப் பொத்திக்கொண்டு திரிந்தார். வாய்வு என்று நினைத்து மருந்து கொடுத்தோம். பிறகு பார்த்தால் பெருங்குடலில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. தெல்லிப்பளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்து நோவில்லாமல் பாருங்கள் என்று சொல்லி மோர்பின் குளிசை தந்திருக்கிறார்கள். கொடுக்கப் பயமாக இருக்கிறது. இரவில் கத்துகிறார், கையைக் கடிக்கிறார். முந்தியும் பிடிவாதம் வந்தால் கடிக்கிறவர்தான்.

அம்மா நாலு வருடத்துக்கு முன் செத்துப்போனா. அப்போது தம்பியைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். திரும்பி வந்து அம்மா எங்கே என்று கேட்டபோது, கனடாவுக்கு அண்ணாவிடம் போய்விட்டா என்று சொன்னோம். அண்ணா வட்ஸ்அப்பில் வரும்போதெல்லாம் போனைத் திருப்பித் திருப்பி அம்மாவைத் தேடுவார். அம்மாவை நினைத்துச் சித்திராப் பௌர்ணமிக்கு நான் விரதம் இருந்தால் வயிறு சரியில்லை என்று சொல்லிச் சமாளிப்பேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஆடு செத்து, அவரே முருங்கையடியில் கிடங்கு வெட்டித் தாட்டார். மூன்று நாள் சாப்பிடவில்லை. அதற்கே அப்படியென்றால் இதை எப்படித் தாங்குவார்? போன கிழமை, "அக்கா, நானும் கனடாவுக்குப் போறனோ?" என்று கேட்டார். சுகம் வந்ததும் போகலாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு உண்மையைச் சொல்ல வேணுமா? சொன்னால் விளங்குமா? சொந்தக்காரர் எல்லாம் "அதுக்கென்ன தெரியும், பேசாமல் விடு" என்கிறார்கள். பார்க்க ஆளில்லாததால் ஆடுகளையும் விற்றுவிடலாமா என்று யோசிக்கிறோம்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

அன்புள்ள சகோதரி,

சொன்னால் விளங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "நானும் கனடாவுக்குப் போறனோ?" என்று தம்பி கேட்டதை இன்னொருக்கால் மெதுவாக வாசித்துப் பாருங்கள். "நானும்" என்றாரே, அந்த "உம்"மில் எல்லாம் இருக்கிறது. அம்மாவுக்கு வருத்தம் வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிறகு அம்மா கனடாவுக்குப் போனா, திரும்பி வரவில்லை. இப்போது எனக்கு வருத்தம். என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். வீட்டுக்கு வருகிற சனம் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைக்கிறது. அப்படியென்றால் நானும்? எவ்வளவு நேரான யோசனை பாருங்கள். அவரிடம் இல்லாதது சாவு என்ற சொல் மட்டும்தான். அதை வீட்டில் எவரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அதனால் கையில் கிடைத்த "கனடா"வை வைத்துக் கேட்டிருக்கிறார்.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வீடு வீடாகப் போய், குணமாக்க முடியாத நோயாளிகளைப் பார்க்கிற தாதியாக இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்திருக்கிறேன். இப்படியான பிள்ளைகளைச் செத்த வீட்டு நாளில் அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். பறை மேளத்துக்குப் பயப்படும், பிரேதத்தைக் கண்டால் கத்தும், சனத்துக்கு முன்னால் என்ன செய்யுமோ என்ற யோசனைதான். பாசத்தில் செய்வது. ஆனால் அப்படி அனுப்பப்பட்டவருக்கு வாய்க்கரிசி போடக் கிடைப்பதில்லை, காடாத்து, எட்டு, அந்தியேட்டி என்று நாங்கள் படிப்படியாக அழுது ஆறுகிற ஒரு கட்டமும் கிடைப்பதில்லை. ஒரு நாள் திரும்பி வந்தால் அம்மாவின் கட்டில் வெறுமையாக இருக்கிறது. நாலு வருடமாக உங்கள் தம்பி நினைத்துக்கொண்டிருப்பது, அம்மா தனக்குச் சொல்லாமல் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டா என்று. சாவைவிட அது கொடுமை.

ஆகவே சொல்ல வேணும். ஆனால் நாளைக்கே அவரை இருத்தி வைத்துச் சொல்லாதீர்கள். அதற்கு முதல் நோவைக் கவனிக்க வேணும். நோவோடு இருக்கிறவரிடம் எதைச் சொன்னாலும் உள்ளே போகாது.

இரவில் கத்துவது, கையைக் கடிப்பது. "முந்தியும் பிடிவாதம் வந்தால் கடிக்கிறவர்தான்" என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அந்த இடத்தில் நில்லுங்கள். 1982இல் ஸ்டீவன் ரைஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் நிழல் விழுதல் என்று சொல்லலாம். அறிவுக் குறைபாடு என்ற மரத்தின் நிழல் விழுந்து, அந்த ஆளுக்கு இருக்கிற மற்ற வருத்தங்கள் கண்ணில் படாமல் போய்விடுகின்றன. அவர்கள் மனநோய்களை வைத்துத்தான் அதைச் சொன்னார்கள். இன்று எல்லா நோய்க்கும் பொருந்துகிறது. வயிற்றைப் பொத்திக்கொண்டு ஒரு வருடம் திரிந்தும் புற்றுநோய் பிந்திப் பிடிபட்டதும் அந்த நிழலால்தான். 2013இல் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் நடந்த விசாரணை ஒன்று வெளிவந்தது. அறிவுக் குறைபாடுள்ள ஆண்கள் மற்ற ஆண்களைவிட 13 வருடம் முந்தியும், பெண்கள் 20 வருடம் முந்தியும் இறக்கிறார்கள் என்றும், நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை தொடங்குவதிலும் ஏற்படுகிற தாமதம் அதற்கு ஒரு பெரிய காரணம் என்றும் அது சொன்னது. அத்தனை வசதியுள்ள நாட்டிலேயே நிலைமை அது.

நானும் அந்த நிழலில் நின்றிருக்கிறேன். பல வருடத்துக்கு முன், ஒரு வைத்தியசாலையின் வாட்டில், வாய் பேசாத ஒரு பெண் இருந்தார். தலையைச் சுவரில் இடித்துக்கொண்டே இருந்தார். "இவ இப்பிடித்தான்" என்று ஏட்டில் எழுதினோம், நித்திரை மருந்து கொடுத்தோம். மூன்றாம் நாள், வாட்டுக் கூட்டுகிற அம்மா ஒருவர் என்னிடம் வந்து, "மிஸி, அந்தப் பிள்ளை இடப்பக்கம் மட்டும்தான் இடிக்குது, கவனிச்சனீங்களோ?" என்று கேட்டார். வாயைத் திறந்து பார்த்தோம். இடப்பக்கக் கடைவாய்ப் பல்லடியில் சீழ். மூன்று நாள் அவர் எங்களுக்குக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தப் பெண்ணின் கன்னம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இங்கிலாந்தின் நியூகாசிலில் க்ளோட் ரெக்னார்ட் என்ற வைத்தியரும் அவருடைய குழுவும் பேச முடியாதவர்களின் துன்பத்தை எப்படி அறிவது என்று தேடினார்கள். நோவுக்கென்று எல்லோருக்கும் பொதுவான அடையாளம் ஒன்றும் இல்லை, ஒவ்வொருவருக்கும் துன்பத்தைச் சொல்லத் தனிப் பாஷை ஒன்று இருக்கிறது என்று கண்டார்கள். அந்தப் பாஷை தெரிந்த ஆள் வைத்தியர் அல்ல, நீங்கள்தான். ஒரு கொப்பி எடுங்கள். நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம், தம்பி சுகமாக இருக்கும்போது முகம் எப்படி, என்ன சத்தம் போடுவார், கை என்ன செய்யும், எப்படிப் படுப்பார், ஆட்டைப் பார்த்தால் என்ன சொல்லுவார். மற்றப் பக்கம், அந்தரப்படும்போது இதெல்லாம் எப்படி மாறுகிறது. பிடிவாதத்தில் கையைக் கடிக்கும்போது உங்களைப் பார்த்துக்கொண்டு கடிப்பாரா? இப்போது இருட்டில், ஆளில்லாத நேரத்திலும் கடிக்கிறாரா? அப்படியென்றால் அது பிடிவாதம் இல்லை. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

கேட்கிற விதத்திலும் கவனம் வேணும். எங்கள் ஆட்களுக்கு "நோகுது" என்றால்தான் விளங்கும். "வலி" என்பது புத்தகத்தில் வருகிற சொல். எங்கள் வீடுகளில் வலிப்பைத்தான் வலி என்போம். வைத்தியர் "வலிக்குதா?" என்று கேட்டு, தம்பி பேசாமல் இருந்தால், நோவில்லை என்று எழுதப்பட்டுவிடும். அவர் சிங்களம் பேசுகிறவர் என்றால் இன்னும் கஷ்டம். நீங்கள் பக்கத்தில் நின்று "எங்க நோகுது, தொட்டுக் காட்டு" என்று கேளுங்கள். "நோகுதோ?" என்று மட்டும் கேட்டால் "ஓம்" என்பார். "நோ இல்லையோ?" என்றாலும் "ஓம்" என்பார். வாழ்நாள் முழுக்கப் பெரியவர்களுக்கு "ஓம்" சொல்லிப் பழகியவர்கள், கேட்கிறவரைச் சந்தோஷப்படுத்தத்தான் பார்ப்பார்கள். ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பதில் பலனே இல்லை. அவருக்குத் தெரிந்த அளவில் கேளுங்கள். குட்டி மிதிச்ச மாதிரி நோகுதோ, கிடாய் முட்டின மாதிரி நோகுதோ? பிறகு அதையே இடம் மாற்றிக் கேளுங்கள். சிலர் கடைசியாகச் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிடுவார்கள்.

மோர்பினுக்குப் பயப்படுகிறீர்கள். கொடுத்தால் பழகிவிடும், கொடுத்தால் ஆள் கெதியாகப் போய்விடும் என்று ஊரில் கதைப்பார்கள். வைத்தியர் எழுதிய அளவில் நோவுக்குக் கொடுக்கிற மோர்பின் ஆளைக் கொல்லாது, போதைக்காரராகவும் ஆக்காது. முதல் சில நாள் நித்திரைத் தூக்கமும் ஓங்காளமும் இருக்கலாம், பெரும்பாலும் அது குறையும். கேட்கும்போது கொடுப்போம் என்று இருக்காதீர்கள். தம்பி கேட்க மாட்டார். மணிக்கூட்டைப் பார்த்து, எழுதிய நேரத்துக்குக் கொடுங்கள். சோற்றுக்குள் ஒளித்துக் கொடுக்க வேண்டாம். ஒருநாள் கண்டுபிடித்தால் சோற்றையே சந்தேகப்படுவார். "இது நோவுக்குக் குளிசை" என்று சொல்லிக் கையில் கொடுங்கள். நெடுநேரம் வேலை செய்கிற வகைக் குளிசையை இடித்துத் தூளாக்கவே கூடாது, மருந்து முழுவதும் ஒரேயடியாக இறங்கிவிடும். எந்த வகை என்று மருந்து தந்த இடத்தில் கேளுங்கள். மோர்பினோடு மலச்சிக்கல் அனேகமாக எல்லோருக்கும் வரும், அதன் நோவிலேயே கத்துகிறவர்கள் உண்டு. ஆனால் தம்பிக்குக் குடலில்தான் கட்டி இருப்பதால் பார்மசியில் நீங்களாகப் பேதி மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டாம், வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். வயிறு ஊதி, வாந்தியும் எடுத்து, காற்றும் பிரியாமல் இருந்தால் விடியட்டும் என்று பார்க்காமல் உடனே கொண்டுபோங்கள்.

சரி. நோ அடங்கி, இரண்டு மூன்று நாள் நித்திரை கொண்டபிறகு, அம்மாவின் விஷயத்துக்கு வாருங்கள். அவருடைய வருத்தத்தைச் சொல்வதற்கு முதல் இது. அம்மா கனடாவில் இருக்கும் வரைக்கும் சாவைப் பற்றி அவரோடு ஒரு கதையும் கதைக்க முடியாது.

எப்படிச் சொல்வது? அந்த ஆடுதான் வழி. அதற்கே மூன்று நாள் சாப்பிடாதவர் இதை எப்படித் தாங்குவார் என்று கேட்கிறீர்கள். நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். அவருக்குச் சாவு தெரியும். தன் கையால் கிடங்கு வெட்டி, ஆட்டைத் தூக்கி வைத்து, மண் போட்டவர். ஆடு மூச்சு விடாது, குழை தின்னாது, நோகாது, திரும்பி எழும்பாது என்று அவருக்குத் தெரியும். மூன்று நாள் துக்கப்பட்டார், பிறகு எழும்பி மற்ற ஆடுகளுக்குக் குழை வெட்டப் போனார். உங்கள் வீட்டில் ஒழுங்காகத் துக்கம் காத்தவர் அவர்.

ஆகவே பின்னேரம் ஆட்டுக் கொட்டிலடியில் ஒரு கதிரை போட்டு அவரை இருத்துங்கள். நீங்கள் மட்டும் பக்கத்தில் இருங்கள், சனம் வேண்டாம். அம்மாவின் படத்தை மடியில் வையுங்கள். முருங்கையடியைக் காட்டி, "ஆடு செத்தது ஞாபகம் இருக்கோ?" என்று கேளுங்கள். அவர் சொல்லட்டும். பிறகு, "அம்மாவும் செத்துப்போனா. அம்மா கனடாவில இல்லை. நான் உனக்குப் பிழையாச் சொல்லிட்டன், தம்பி." அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் உங்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கும். அதை நிரப்பப் போகாதீர்கள், அவர் யோசிக்க நேரம் வேணும்.

செத்துப்போனா என்ற சொல்லையே சொல்லுங்கள். உங்களுக்கு நாக்குக் கூசும், தெரியும். தாயைப் பற்றி எங்கள் வாயில் அந்தச் சொல் வராது. மோசம் போயிட்டா, தவறிட்டா, கண்ணை மூடிட்டா, கடவுளிட்டப் போயிட்டா என்றுதான் வரும். எங்களுக்கு அதெல்லாம் மரியாதை. அவருக்கு அதெல்லாம் இன்னொரு கனடா. தவறிய பொருளைத் தேடினால் கிடைக்கும். கடவுளிடம் போனவரை வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவிலில் தேடலாம். தாய் "நித்திரையாகிட்டா" என்று கேள்விப்பட்ட ஒரு பெண், பிறகு கிழமைக்கணக்கில் படுக்கப் பயந்து இருந்ததை நான் நேரில் கண்டேன். அம்மா பிள்ளையாரடியில் சேர்ந்துவிட்டா என்பது உங்கள் நம்பிக்கை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், அது அவருக்கும் ஆறுதலாக இருக்கும். ஆனால் முதலில் செத்துப்போனா, அதற்குப் பிறகு பிள்ளையார்.

அவர் அழலாம். கோபப்பட்டு உங்களைத் தள்ளலாம். ஒன்றும் சொல்லாமல் எழும்பி ஆட்டிடம் போகலாம். நாலு வருடத் துக்கம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. அடுத்த நாள் காலையில் "அம்மா எங்க?" என்று மறுபடி கேட்பார். மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். சொன்னது உண்மைதானா, இன்றைக்கும் உண்மைதானா என்று தட்டிப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் அதே விடையைச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேணும். அண்ணாவும்தான். இன்றிரவே அவரோடு கதையுங்கள். அடுத்த முறை வட்ஸ்அப்பில் வரும்போது போனை வீடு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டி, "அம்மா இங்க இல்லை தம்பி, அம்மா செத்துப்போனா, எனக்கும் கவலை" என்று அவர் சொல்லட்டும். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு அது பெரிய பாரம். ஆனால் அந்தக் கனடாக் கதையை அவருடைய வாயாலேயே முடித்துவைக்க வேணும்.

உடம்பு இடம் கொடுக்கிற ஒரு நாளில் ஓட்டோ பிடித்துக் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். அம்மாவின் சாம்பலை அங்கேதான் கரைத்திருப்பீர்கள். கடலைக் காட்டுங்கள், கையில் ஒரு பூவைக் கொடுங்கள். முடியாவிட்டால் வீட்டில் படத்துக்கு அவர் கையால் பூ வைக்கட்டும். அடுத்த சித்திராப் பௌர்ணமிக்கு அவர் இருந்தால், அம்மாவுக்காகத்தான் விரதம் என்று சொல்லுங்கள். நீங்கள் சாப்பிடாததை அவர் கவனிக்காமலா இருந்திருப்பார்?

இனி அவருடைய வருத்தம்.

ஐரீன் டஃப்ரி-வைன் என்று ஒருவர் இங்கிலாந்தில் இருக்கிறார். என்னைப்போல, குணமாக்க முடியாத நோயாளிகளைப் பார்க்கிற நோய்த்தணிப்புத் தாதியாக இருந்து ஆராய்ச்சிக்குப் போனவர். அறிவுக் குறைபாடும் புற்றுநோயும் உள்ள 13 பேரோடு நெடுநாள் கூட இருந்து, அவர்களுடைய கடைசிக் காலத்தைக் கவனித்தார். கெட்ட செய்தி என்பது ஒரு நாள் இருந்து சொல்லி முடிக்கிற காரியமே இல்லை என்று அவர் சொல்வது என் அனுபவத்துக்கும் ஒத்துப்போகிறது. ஆளிடம் ஏற்கனவே இருக்கிற அறிவு என்ன என்று பார்த்து, அதன்மேல் சின்னச் சின்னத் துண்டாக வைக்க வேணும். இன்றைக்குத் தேவையான துண்டு எது என்பதுதான் கேள்வி. நாலு மாதத்துக்குப் பிறகு நடக்கப்போவது, காலக் கணக்குத் தெரியாதவருக்கு இன்றைக்கே நடக்கப்போவதாகப் பட்டு, ஒவ்வொரு நாளும் அவரைப் பயமுறுத்தலாம்.

ஆகவே இப்போது நடப்பதில் தொடங்குங்கள். "உன்ர வயித்துக்குள்ள ஒரு வருத்தம் இருக்கு. அதாலதான் நோகுது. அதாலதான் காற்சட்டை லூசாப் போச்சு." அது அவருக்குத் தெரிந்த விஷயம், நீங்கள் பெயர் வைக்கிறீர்கள், அவ்வளவுதான். இன்னொரு நாள், "டொக்டர்மார் மருந்து குடுத்துப் பாத்தவை. அந்த வருத்தத்தை மாத்த ஏலாதாம். நோவை மாத்தலாம்." அதற்கும் பிறகு, அவர் மெலிந்து படுக்கையில் விழுகிற காலத்தில், அல்லது அவரே கேட்கிற நேரத்தில், மிச்சம். "எனக்குச் சுகம் வரும்" என்று சொல்லிக்கொண்டு உங்கள் முகத்தையும் பார்க்காமல் இருந்தால் விட்டுவிடுங்கள். அறிய விரும்பாமல் இருக்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் பொய்யான "ஓம்" வேண்டாம். "சுகம் வந்ததும் கனடாவுக்குப் போகலாம்" என்று சொன்னதையும் ஒருநாள் திருத்துங்கள். "நாங்கள் கனடாவுக்குப் போகேல்லை. நீ இங்க, எங்கட வீட்டிலதான் இருப்பாய். நானும் இங்கதான் இருப்பன்." என் யோசனையில், அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் மிகவும் பயந்தது, தனியாக எங்கேயோ அனுப்பிவிடுவார்களோ என்றுதான். இந்த விடை அந்தப் பயத்தை முதலில் எடுத்துவிடும்.

"நான் சாகப்போறனோ?" என்று நேராகக் கேட்டால்? "ஏன் தம்பி கேக்கிறாய்?" என்று முதலில் கேளுங்கள். சிலநேரம், "ஆடு ஆர் பாக்கிறது?" என்பதுதான் கேள்வியாக இருக்கும். சிலநேரம் சாவேதான் கேள்வியாக இருக்கும். அப்படியென்றால், "ஓம். உன்ர உடம்பு ஏலாமப் போகுது. நீ செத்துப்போவாய். இண்டைக்கில்லை. நோகாமப் பாப்பம். நான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பன்." இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிற நேரத்தில் "இண்டைக்கில்லை" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த "ஓம்" சொல்ல உங்களுக்கு வாய் வராவிட்டால், வீட்டுக்கு வருகிற தாதியையோ வைத்தியரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். தனியாகத்தான் சொல்ல வேணும் என்று ஒரு சட்டமும் இல்லை.

சொல்லும்போது நீங்கள் அழுதால் அழுங்கள். ஆனால் ஏன் என்று சொல்லுங்கள். "அக்காவுக்குக் கவலை, அதான் அழுறன். உன்னில கோபமில்லை." குசினிக்குள் போய் அழுதுவிட்டு வந்தால், சிவந்த கண்ணைப் பார்த்து, தான்தான் என்னவோ பிழை செய்துவிட்டேன் என்று நினைப்பார். இப்படியானவர்கள் சொல்லை விட்டாலும் முகத்தை விட மாட்டார்கள்.

"அதுக்கென்ன தெரியும்" என்று சொல்கிற சொந்தக்காரருக்கு ஒன்று சொல்லுங்கள், அல்லது என் பெயரில் சொல்லுங்கள்: 41 வயது மனிதரை "அது" என்று சொல்ல வேண்டாம், அவருக்குக் கேட்கும்படி சொல்லவே வேண்டாம். கட்டிலைச் சுற்றி நின்று அவருடைய தலைக்கு மேலால் "எத்தனை நாள் குடுத்தவங்கள்?" என்று கதைக்கவும் வேண்டாம். கிளினிக்கிலும் அப்படித்தான் நடக்கும். வைத்தியர் உங்களைப் பார்த்தே எல்லாம் கேட்பார். "டொக்டர், தம்பியைப் பார்த்து ஒருக்கால் சொல்லுங்கோ" என்று கேளுங்கள், அனேகமானோர் கேட்டால் செய்வார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. மற்றவர்களுக்குக் கிடைக்கிற அதே தரத்தில், அவருடைய சம்மதத்தோடு வைத்தியம் செய்ய வேணும் என்று அது சொல்கிறது. நீங்கள் சலுகை கேட்கவில்லை.

கடைசி நாட்களில் சொற்கள் குறைந்துகொண்டு போகும். அப்போதும் தொடுவதற்கு முதல் சொல்லுங்கள்: "வாய் துடைக்கப் போறன்", "திருப்பிப் படுக்க வைக்கப் போறன்." அவருடைய போர்வை, அவருடைய கோப்பை, அவருக்குப் பழகிய குரல் எதையும் மாற்றாதீர்கள்.

ஆடுகளை விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவர் இருக்கும் வரை விற்காதீர்கள். ஒருநாள் கண் முழித்து, கொட்டில் வெறுமையாக இருப்பதைக் கண்டால், அம்மாவின் கட்டிலைக் கண்ட அதே நாள்தான் அவருக்குத் திரும்பவும். பக்கத்து வீட்டுப் பெடியனைக் கேட்டு, காலையும் பின்னேரமும் குழை போட ஒழுங்கு செய்யுங்கள். பிறகு ஆர் பார்க்கிறது என்பதை அவரிடமே கேளுங்கள். "நீ பாக்க ஏலாட்டி, ஆட்டை ஆருக்குக் குடுப்பம்?" அவர் சொல்கிற ஆளைக் கூப்பிட்டு, எந்த ஆட்டுக்கு எந்தக் குழை பிடிக்கும் என்று அவரே அந்த ஆளுக்குச் சொல்லட்டும். நீங்களும் பக்கத்தில் இருந்து கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டிலை யன்னல் பக்கம் திருப்பிப் போடுங்கள், கொட்டில் தெரியும்படி. குட்டி ஏதாவது இருந்தால் காலையில் ஒருக்கால் உள்ளே கொண்டுவாருங்கள். பூவரசங்குழை ஒரு பிடி, அவருடைய கையில்.